கமலவேணி அக்காவும் குடைப்பிடி கியரும்

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்காவின் பெயர் தெரிந்தது. எடுத்தவுடனேயே, "என்னக்கா, வண்டி கோவிச்சுக்கிட்டுப் படுத்துடுச்சா?" என்றேன். அந்தப் பக்கம் அவருடைய தங்கை வேம்புவின் குரல் கேட்டது: "அண்ணே, அக்கா போயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க." எதிரில் இருப்பவரைக் கிண்டல் பண்ணாமல் எனக்குப் பேச்சே வராது. அக்காவுக்கென்று நான் பேசிய கடைசிக் கிண்டலை அக்கா கேட்கவில்லை, வேம்புதான் கேட்டாள்.

விழிதியூர்க்காரர்களுக்கு, உங்கள் நர்ஸம்மாவான அக்காவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உங்களில் பாதிப்பேர் அவர் கையால் ஊசி குத்திக்கொண்டு ஊரைக் கூட்டியவர்கள். நான் கோட்டுச்சேரிக்காரன், அஞ்சாம் வகுப்போடு நின்றவன், வேன் டிரைவர். எனக்குத் தெரிந்த அக்கா ஒரு வருஷத்து அக்கா. எங்களைச் சேர்த்துவைத்தது அந்தப் பழைய கார்.

அக்காவின் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். சொல்தா என்றுதான் எல்லாரும் சொல்வோம். புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய சின்னக் காரை அவர் கடைசிவரை ஓட்டினார். அவர் போன பிறகு அக்கா என்னை வரச் சொன்னார். விற்பதற்காக இருக்கும் என்று நினைத்துப் போனேன். "விக்கிறதுக்கு இல்ல தம்பி. எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுங்க" என்றார். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, அவர்கள் வண்டியில் கற்று, லைசென்ஸ்கூட வாங்கிவிட்டிருந்தார். அங்கே கற்றது இந்தக் காருக்கு உதவவில்லை.

"நாலு சக்கரம் இருந்தா போதும், எதையும் ஓட்டுவேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். எதிரில் ஸ்டீயரிங் இல்லை. அது இடது பக்கம் இருந்தது. அக்கா சிரிக்காமல் நின்றார். இறங்கிச் சுற்றிப் போய் உட்கார்ந்தால், தரையில் கியர் இல்லை. டாஷ்போர்டிலிருந்து குடைப்பிடி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. "யாரோ குடைய மறந்து வச்சிட்டுப் போயிட்டாங்கக்கா" என்றேன். சாவியைத் திருப்பினால் ஒன்றும் ஆகவில்லை. தனியாக ஒரு குமிழைப் பிடித்து இழுத்த பிறகுதான் என்ஜின் இருமியது. குடைப்பிடியை இடதுபக்கம் திருப்பித் தள்ளினேன். தள்ளினால் முன்னால்தானே போகவேண்டும்? அது பின்னால் போய் வைக்கோல்போரில் சொருகிக்கொண்டது.

"எதையும் ஓட்டுவேன்னீங்களே, வைக்கப்போர்ல ஏறுறதும் அதுல சேத்தியா?" என்றார் அக்கா. நான் இறங்கிப் போய் வண்டியின் பின்னாலிருந்து வைக்கோலைப் பிடுங்கிப் போட்டேன்.

பிறகுதான் சொன்னார்: "முப்பது வருஷம் வலதுபக்கம் ஒக்காந்து அவரு கையையே பாத்துக்கிட்டு வந்தேன். கை எங்க போவும்னு எனக்குத் தெரியும். கால் என்ன பண்ணும்னுதான் தெரியாது." எனக்குக் காலைப் பற்றித் தெரியும். அதனால் முதல் மாதம், ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் ஓட்ட, அக்கா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல, இரண்டு பேருமாகக் கற்றோம். "இடது திருப்பி இழுங்க, அதான் ஒண்ணு. இப்ப நேராக்கித் தள்ளுங்க, ரெண்டு. நேராக்காம தள்ளாதீங்க, ரிவர்ஸு கத்தும்!" கத்தியது. பல தடவை கத்தியது. அப்புறம் இடம் மாறிக்கொண்டோம்.

இந்த வயதில் இது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "அவரு போன எடத்துக்கெல்லாம் கூடப் போனேன். அதுல கொறை இல்ல. ஆனா ஒருநாளாவது நான் நெனச்ச எடத்துக்கு, நானே ஓட்டிக்கிட்டு, தனியாப் போவணும் தம்பி." எந்த இடம் என்று கேட்டேன். "அத ஏன் ஒங்ககிட்ட சொல்லணும்?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் கார் நின்றுவிட்டது. முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு பஸ். என்னோடு வேன் ஓட்டுகிறவர்கள் எல்லாம் டீக்கடையில் நின்றார்கள். நான் காரை விட்டு இறங்கி, அவர்கள் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "நர்ஸம்மா, அதுக்கும் ஒரு ஊசி போட்டுப் பாருங்க!" என்று கத்தினேன். தெருவே சிரித்தது. அக்கா சாவியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, முன்னால் நின்ற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனேன். இட்லி வைத்தார். நான் சாப்பிட்டு முடித்தேன். பிறகு, "நீங்க சிரிச்சது தப்பில்ல தம்பி. எம் பக்கத்துல ஒக்காந்து சிரிங்க. எறங்கிப் போயி அந்தப் பக்கம் நின்னு சிரிக்காதீங்க" என்றார். அதற்குப் பிறகு நான் இறங்கவில்லை.

இனி சொல்லப்போவதை எழுதக் கை வரவில்லை. நாலு மாதத்தில் அக்கா நன்றாகவே ஓட்டினார். "இனிமே தனியாப் போவட்டுமா?" என்று கேட்டார். "அடுத்த வாரம் பாப்போம்க்கா" என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். பிரேக் சரியில்லை என்றேன், மழை என்றேன். இல்லாவிட்டால் ஏதாவது ஜோக் அடித்தேன். உண்மை வேறு. என் மனைவி பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் திருப்பூருக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் என் குரலைக் கேட்க ஆளில்லை. அக்கா தனியாக ஓட்டக் கற்றுவிட்டால் நான் விழிதியூருக்கு எதற்குப் போவது?

எனக்கு வசதியாக, கடைசி இரண்டு மாதமாக அக்காவும் கொஞ்சம் கொஞ்சமாக மறக்க ஆரம்பித்தார். ஓட்டிக்கொண்டே இருப்பவர் திடீரென்று, "தம்பி, இப்ப தள்ளணுமா இழுக்கணுமா?" என்பார். நான் தலையில் அடித்துக்கொள்வேன். "அக்கா, ஒங்களுக்குச் சொல்லிக்குடுத்த நேரத்துக்கு ஒரு எருமைக்குச் சொல்லியிருந்தா இந்நேரம் மெட்ராஸ் போயிருக்கும்!" அவர் ஸ்டீயரிங்கில் தலை வைத்துச் சிரிப்பார்.

ஆகவே, செவ்வாய்க்கிழமை விழிதியூருக்குப் போகும் வழியெல்லாம் எனக்குள் ஒன்றுதான் ஓடியது. அக்கா கேட்டது ஒரே ஒரு நாள். அதை நான் கொடுக்கவில்லை.

மதியத்துக்கு மேல் பட்டினச்சேரியிலிருந்து ஒரு மீன்காரம்மா வந்து தலைமாட்டில் விழுந்து அழுதார். யாரென்று யாருக்கும் தெரியவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பொதங்கெழமயானா வந்துருவாங்களே" என்றார். "வலை காயப்போடுற எடத்துல, மணல்ல தனியா ஒக்காந்து கடலப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. ஒரு கூறு மத்தி வாங்கிக்கிட்டு அந்தத் தகர டப்பா கார்ல போயிருவாங்க."

"யாரு ஓட்டிக்கிட்டு வருவா?"

"யாரு ஓட்டுவா? அவங்கதான். ரெண்டு மாசமா வாராங்க."

நான் வேம்புவைப் பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாங்கண்ணே. 'தம்பி வீட்ல யாரும் இல்ல. கத்துக்கிட்டேன்னு தெரிஞ்சா வர்றத நிறுத்திரும், ஞாயித்துக்கெழம ஒத்தையா ஒக்காந்துருக்கும்'னு சொன்னாங்க."

விழிதியூர்க்காரர்களே, உங்களில் சிலர் புதன்கிழமை அந்தக் கார் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவரும் என்னிடம் வாய் திறக்கவில்லை. உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அந்தக் காரை அக்காவின் மகன் என்ன செய்வாரோ, அது அவர் பாடு. அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த இரண்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளை. கடல்வரை தனியே போய்வரத் தெரிந்த ஒருவர், தெரியாதவராக என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கிண்டலையெல்லாம் வாங்கிக்கொண்டு, எனக்குச் சோறும் போட்டு அனுப்பிய எட்டு ஞாயிற்றுக்கிழமைகள்.