நான்கு விநாடித் தயக்கம்

அலுவலகத்தில் அவருக்கு ‘விசாரணை’ என்று பெயர். புதிதாக எடுக்கப்போகும் ஆளின் பழைய முதலாளிக்குப் போன் போட்டு, ஆள் எப்படி என்று கேட்டு எழுதுவதுதான் அவர் வேலை. பன்னிரண்டு வருஷமாக அதே நாற்காலி, அதே கேள்விகள். அதில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: மனுஷர்கள் வாயால் சொல்வதில் விஷயம் இருக்காது. “தங்கமான மனுஷன்” என்றால் வேலை தெரியாதவன். “கொஞ்சம் கோபக்காரர்” என்றால் முதலாளியின் மச்சானைத் தட்டிக் கேட்டவர். வாய் ஓயாமல் புகழ்ந்தால் தள்ளிவிடத் துடிக்கிறார்கள். திட்டித் தீர்த்தால் விட மனசில்லை.

கடைசிக் கேள்வியை மட்டும் நம்புவார். “மறுபடி இவரை வேலைக்கு எடுப்பீங்களா?” அதிலும் பதிலை அல்ல, பதிலுக்கு முந்தைய மௌனத்தை. இரண்டு விநாடிக்கு மேல் போனால் ஓரத்தில் ‘தயங்கினார்’ என்று எழுதிவிடுவார். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை பேருக்கு வேலை கைநழுவியது என்று எண்ணிப் பார்த்ததில்லை.

இப்போது அவரே வேறு வேலைக்கு மனுப் போட்டிருந்தார், மனைவியும் மகளும் இருக்கும் ஊரில். மூன்று வருஷமாக ஆளுக்கொரு ஊர், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் குடும்பம்.

“இந்த வாட்டியும் கிடைக்கலைன்னா சொல்லிடுங்க. உங்களை விருந்தாளியாவே வச்சுக்கறோம்” என்றிருந்தாள் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரிப்பை நம்புகிற ஆள் இல்லை அவர்.

பதினொரு மணிக்கு, தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் மேலாளரின் போன் அடித்தது.

“ஆமா, எங்க ஆளுதான். சொல்லுங்க.”

இவர் எழுந்தார், உட்கார்ந்தார், மூடியிருந்த கோப்பைத் திறந்து மறுபடி மூடினார்.

“தங்கமான மனுஷன்ங்க.”

இவர் நாற்காலியைத் தடுப்புப் பலகையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து அந்தப் பக்கம் பேச்சு நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

“எடுப்பேனே. கண்டிப்பா எடுப்பேன்.”

போனை வைத்த சத்தம் கேட்டதும் உள்ளே போய் நின்றார்.

“சார், நாலு செகண்ட் யோசிச்சீங்க.”

“எப்பய்யா?”

“மறுபடி எடுப்பீங்களான்னு கேட்டப்ப.”

“தும்மல் வர்ற மாதிரி இருந்துச்சு. வரலை.”

“அந்தப் பக்கம் அப்படி எடுத்துக்க மாட்டாங்க சார்.”

“வேற எப்படி எடுத்துப்பாங்க?”

“நான் எப்படி எடுத்துப்பேனோ அப்படி.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். “உங்களை மாதிரி இன்னொருத்தர் இருந்தா ஊர் தாங்காதுய்யா. போய் வேலையைப் பாருங்க.”

வேலை ஓடவில்லை. பழைய கோப்புகளைப் புரட்டினார். ஓரத்தில் அவர் கையெழுத்தே வரிசையாக நின்றது. தயங்கினார். தயங்கினார். இதில் எவன் தும்மலை அடக்கினானோ, எவள் அடுப்பை அணைக்கத் திரும்பினாளோ. அதனால் வேலை கைநழுவிய, முகம் தெரியாத அத்தனை பேரும் அறைக்குள் வந்து நிற்பதுபோல் புழுங்கியது. ‘எல்லாருக்குமா தும்மல் வரும்’ என்று சொல்லிக்கொண்டு கோப்பை மூடினார்.

சாப்பாட்டு நேரம் தாண்டி, அவரைப் பற்றி விசாரித்த புது அலுவலகத்துப் பெண்மணியே போனில் கூப்பிட்டாள். “சார், உங்க சர்டிஃபிகேட்ல பின்பக்கம் வரலை. இன்னிக்கே அனுப்பிடுங்க, ஆர்டர் போடணும்.”

இவர் வாய் சும்மா இருக்கவில்லை. “எங்க மேலாளர் கடைசிக் கேள்விக்கு என்ன சொன்னாரு மேடம்?”

“எடுப்பேன்னாரு. அப்படியே போட்டுட்டேன்.”

“கொஞ்சம் தயங்கினாரே?”

“அப்படியா? நான் அடுத்த ஃபார்மைத் தேடிட்டிருந்தேன் சார்.”

உடனே மனைவிக்குப் போன் போட்டார். “கிடைச்ச மாதிரிதான்.”

“மாதிரின்னா?”

“கிடைச்சிடுச்சு. ஆனா அந்த ஆபீஸ் சரியில்லை. ஒரு ஆளை விசாரிக்கவே தெரியலை அவங்களுக்கு.”

“தெரிஞ்சிருந்தா உங்களை எடுத்திருப்பாங்களா? எந்த வண்டில வர்றீங்க, அதைச் சொல்லுங்க.”

சொன்னார். போனை வைத்த பிறகும் கை பரபரத்தது. அந்தப் பெண்மணியின் கவனக்குறைவைப் பற்றி அவளுடைய மேலதிகாரிக்கு நாலு வரி எழுத வேண்டும். வேலையில் சேர்ந்துவிட்டு எழுதலாம் என்று கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.