வட்டம் ஒட்டுகிறவன்

இடுப்பில் அளவு டேப் இல்லாமல் என் தம்பியை நான் பார்த்தது அவன் தொட்டிலில் கிடந்தபோது மட்டும்தான். எல்லோருக்கும் அவன் டேப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும். கோணலாக எதைப் பார்த்தாலும் அவனுக்குக் கை அரிக்கும். கல்யாணமான அன்றைக்கே, கட்டில் இரண்டு சுவருக்கும் சமமான தூரத்தில் இல்லை என்று குந்தி உட்கார்ந்து அளந்தவன். அவன் பெண்டாட்டி எத்தனையோ வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, கடைசியில் தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். நானாக இருந்தால் ஒரு வாரம் தாங்கியிருப்பேனா என்பதே சந்தேகம். என் புருஷன் போனபிறகு எனக்குப் போக்கிடம் இல்லை. அதனால் இவனோடு காலம் தள்ளுகிறேன்.

விமான நிலையத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் அவனுக்கு வேலை. அம்புக்குறி மாட்டுவது, ஆண் படம் பெண் படம் ஒட்டுவது, ஈரத் தரை என்று பலகை வைப்பது.

"பிளேன் பைலட்டால மட்டும் ஓடலக்கா. எந்தப் பக்கம் போகணும்னு ஜனங்களுக்குக் காட்டுறது யாரு? நான்" என்று பீற்றிக்கொள்வான்.

"ஆமாமா. உன் புண்ணியத்துலதான் எல்லாரும் நேரத்துக்குக் கக்கூசுக்குப் போறாங்க" என்பேன்.

கோபமே வராது அவனுக்கு. "உண்மைதானேக்கா" என்பான்.

பிறகு அந்த நோய் வந்தது. பிளேன் எல்லாம் வெயிலில் வரிசையாக நின்று தூசி தின்றன. பெட்டி தூக்குகிறவர்கள், காபி விற்கிறவர்கள், சீட்டுக் கொடுக்கிற பெண்கள் என்று பாதிப் பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவனை மட்டும் அனுப்பவில்லை. ஈ காக்கை இல்லாத இடத்தில் இவனுக்கு மட்டும் மூச்சு முட்ட வேலை. தரையில் வட்டம் ஒட்ட வேண்டும். மஞ்சள் வட்டம், நடுவே இரண்டு பாதம். ஆளுக்கு ஒரு வட்டம்.

அதிலாவது ஒரு முடிவு உண்டா? சுகாதார ஆபீசர் வந்தார். வட்டத்துக்கும் வட்டத்துக்கும் இரண்டு மீட்டர் என்றார். ஒட்டினான். விமானக் கம்பெனிக்காரர் வந்தார். இரண்டு மீட்டர் விட்டால் வரிசை ரோட்டுக்குப் போய்விடும், ஒன்று போதும் என்றார். உரித்து ஒட்டினான். மேனேஜர் வந்தார். இரண்டு பேருக்கும் மனக்கஷ்டம் வேண்டாம், ஒன்றரை வையுங்கள் என்றார். என்னமோ சொத்துத் தகராறைத் தீர்க்கிற மாதிரி. மறுபடியும் உரித்தான். கடைசியில் மேலே இருந்து உத்தரவு வந்தது: இரண்டேதான்.

உட்காருகிற நாற்காலிகளிலும் இதே கூத்து. ஒன்று விட்டு ஒன்றில் யாரும் உட்காரக் கூடாது என்று இவன் பெருக்கல் குறி ஒட்டிவிட்டு வந்தான். மறுநாள் கம்பெனிக்காரர்கள் தங்கள் ஆளை விட்டு, ஒன்று விட்டு ஒன்று ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆள் குறி இல்லாத நாற்காலியாகப் பார்த்து ஒட்டிவிட்டுப் போய்விட்டான். உட்கார ஒரு நாற்காலி மிச்சம் இல்லை. ஜனங்கள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்களாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முட்டி இரண்டும் வீங்கியிருக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது யார்? நான்தான்.

"அந்த மூணு பேரையும் ஒரு அறையில போட்டுப் பூட்டு. ஒரே அளவு சொல்ற வரைக்கும் கதவைத் திறக்காத" என்றேன்.

"அறையில ரெண்டு பேருக்கு மேல இருக்கக் கூடாதுக்கா. கதவுல நானே ஒட்டியிருக்கேன்" என்றான். சிரிக்காமல் சொன்னான். இவனை என்ன செய்வது?

இதற்கு நடுவில் வீட்டில் இவன் மகள். கடல் தாண்டி ஒரு தேசத்தில் மூக்குக்கண்ணாடிக்குச் சில்லு தேய்க்கிற பட்டறையில் வேலை பார்க்கிறாள். நல்ல கை அவளுக்கு. மூன்று வார லீவில் வந்தவள், பிளேன் நின்றுபோனதால் இங்கேயே மாட்டிக்கொண்டாள். இரண்டு அறை வீடு. அப்பன் குழம்புச் சட்டியைக்கூட அடுப்பின் நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பான். மகள் அதை வேண்டுமென்றே தள்ளி வைப்பாள். நடுவில் கிடந்து நான் வெந்தேன். டிக்கெட் போடுவாள், ரத்தாகும். மறுபடியும் போடுவாள், மறுபடியும் ரத்தாகும். கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டுத்தான் கேட்கும். அந்தப் பாட்டு எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

ஒரு நாள் பட்டறை முதலாளி போன் பண்ணினார். மாசக் கடைசிக்குள் வந்து இறங்காவிட்டால் அவள் இடத்துக்கு வேறு ஆள் என்று சொல்லிவிட்டார். அதற்குள் அந்தத் தேசத்துக்குப் போகிற பிளேன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மத்தியானப் பிளேன். அதற்கு டிக்கெட்டும் கிடைத்தது. மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனையும் செய்துகொண்டாள். அது செல்லுபடியாவதே இரண்டு மூன்று நாள்தான்.

வழியனுப்புகிறவர்களை உள்ளே விடுவதில்லை. வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் கம்பி ஓரமாக நின்றேன். உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை, வரிசையே வெளியே வந்துவிட்டது. வாசலில் தொடங்கி, தார்த் தரையில் வளைந்து வளைந்து, ரோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. மேலே கூரை இல்லை. தார் கொதித்தது. அங்கே பசை பிடிக்காது என்று ஒவ்வொரு வட்டத்துக்கும் நாலு பக்கமும் பிளாஸ்டர் போட்டு நிறுத்தியிருந்தான் என் தம்பி.

காலையிலேயே போய் நின்றவள் வாசல் வரைக்கும் போய்விட்டாள். காவலாளி நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்தார். அது கீச்சென்று கத்தியது.

"காய்ச்சல் காட்டுதும்மா. அப்படிப் போய் நிழல்ல உக்காந்துட்டு வாங்க."

"வெயில்ல நின்னேன் சார். நெத்தி சுடாம என்ன பண்ணும்?"

"இருக்கலாம்மா. ஆறட்டும். ஆறினதும் வரிசையில வாங்க."

ஆறியது. காவலாளி வரிசையின் வாலைக் காட்டினார். அதற்குள் ராத்திரிப் பிளேனுக்குப் போகிறவர்கள் எல்லாம் வந்து நின்றிருந்தார்கள். எட்டு மணி நேரம் முன்னால் வரச் சொல்லிக் கம்பெனியே செய்தி அனுப்பியதாம். ஒரு குடும்பத்தில் ஐந்து பேர், ஒரே வீட்டில் ஒரே தட்டில் தின்கிறவர்கள், ஆளுக்கொரு வட்டத்தில் நின்று ஒருவரை ஒருவர் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே எத்தனையோ கவுண்டர் இருந்த இடத்தில் ஒன்றுதான் திறந்திருந்தது. மீதிப் பெண்களைத்தான் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களே. வரிசை நத்தை மாதிரி ஊர்ந்தது.

அப்போது மேனேஜர் வந்தார். வாயில் முகக்கவசம், அதற்கு மேல் கண்ணாடித் தகடு. பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. வரிசை ரோட்டுக்கு வந்துவிட்டதால் பெரிய அதிகாரி ஒருவரின் கார் உள்ளே வர முடியவில்லையாம். என் தம்பியைக் கூப்பிட்டு, வால் பக்கம் இருக்கிற வட்டங்களை உரித்து இன்னொரு வளைவு போடச் சொல்லிவிட்டு உள்ளே போனார். வரிசை மடிந்தது. கார் உள்ளே போனது. ஒரு ஆள்கூட முன்னால் நகரவில்லை.

மத்தியானப் பிளேனுக்குச் சீட்டுக் கொடுப்பதை நிறுத்தப்போகிறார்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். என் தம்பி மகளுக்கு முன்னால் இன்னும் ஊர்ப்பட்ட ஜனம்.

"டேய், பொண்ண முன்னாடி விடச் சொல்லுடா!" என்று கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன்.

"அக்கா, சத்தம் போடாத. எல்லாரும் வட்டத்துல நிக்கிறாங்க. ஒட்டுனவன் நான். நானே எப்படித் தாண்டச் சொல்றது?"

"அவ தாண்டலன்னா பிளேன் அவளத் தாண்டிப் போயிடும்டா, மடையா!"

மகள் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. அழுகிற ஜாதி இல்லை அவள்.

"அப்பா, இந்த வேலை போச்சுன்னா நான் உங்க வீட்டுலயேதான் இருப்பேன். எப்பவும். நல்லா யோசிச்சுக்கோங்க."

சொல்லிவிட்டு ஒரு காலை வட்டத்துக்கு வெளியே வைத்தாள்.

"வட்டத்த விட்டு இறங்காத!" என்று கத்தினான்.

"இறங்கினா என்னப்பா? வெடிச்சிடுமா?"

"நீ இறங்கினா எல்லாரும் இறங்குவாங்க. அப்புறம் வரிசையே கிடையாது, சந்தைதான். இரு, இரு." முகத்தைத் துடைத்துக்கொண்டான். தரையைப் பார்த்தான். முன்னால் இருக்கிறவர்களைப் பார்த்தான். "நீங்க எல்லாம் எந்தப் பிளேன்?" என்று கேட்டான்.

"ராத்திரி" என்றார் குடும்பத்துக்காரர். "ஆனா நாங்க ரொம்ப நேரமா நிக்கிறோம். இடத்த விடமாட்டோம்."

"விட வேண்டாம்யா. நீங்க உங்க வட்டத்துலயே நில்லுங்க."

சொல்லிவிட்டு மகள் காலடியில் மண்டியிட்டான். "காலத் தூக்கு." பிளாஸ்டரைப் பிடித்து இழுத்தான். வட்டத்தை அப்படியே உரித்தெடுத்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வீங்கின முட்டியோடு வாசலுக்கு ஓடினான். முதல் ஆளுக்குப் பக்கவாட்டில் டேப்பை இழுத்து இரண்டு மீட்டர் அளந்தான். ஒட்டினான். எழுந்து நின்று கையைக் காட்டினான்.

"இங்க வா. உன் வட்டம் இங்க இருக்கு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. போகிறவளைக் கம்பி ஓரத்தில் நிறுத்தி, பாட்டில் தண்ணீரில் முந்தானையை நனைத்து நெற்றியை அழுத்தித் துடைத்துவிட்டேன்.

"போதும் அத்தை, தோல் உரியுது."

"உரிஞ்சாப் பரவால்ல. அந்தச் சனியன் கத்தாம இருக்கணும்."

கத்தவில்லை. காவலாளி வட்டத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உள்ளே போகச் சொன்னார். வட்டத்தில் நின்றால் உள்ளே விடலாம் என்பதுதானே அவருக்கு உத்தரவு.

அத்தோடு முடிந்ததா? அவளுக்குப் பின்னால் நின்ற ஒருவர் கையைத் தூக்கினார்.

"எனக்கும் மத்தியானப் பிளேன்தாங்க. என் வட்டத்த யாரு தூக்குவா?"

"எனக்கும்!" என்றாள் ஒரு கர்ப்பிணி. "உம் பொண்ணுன்னா மட்டும் ஓடுமா வட்டம்?"

நியாயமான கேள்வி. அவன் முகம் செத்துப்போய்விட்டது. மகளை மட்டும்தான் நினைத்திருக்கிறான், வேறு யாரையும் நினைக்கவில்லை. திரும்பி வந்து மண்டியிட்டான். கர்ப்பிணியின் வட்டத்தை முதலில் எடுத்தான், அப்புறம் அந்த ஆளுடையது, அப்புறம் மத்தியானப் பிளேன் என்று கை தூக்கின ஒவ்வொருவருடையதும். ஓடுவான், அளப்பான், ஒட்டுவான். "சும்மா கூப்பிட்டாப் போதாதா?" என்று குடும்பத்துக்காரர் கேட்டார். என் தம்பி அளந்துகொண்டிருந்தான்.

மேனேஜர் மறுபடியும் ஓடி வந்தார்.

"யோவ், என்னய்யா பண்ற? யார் சொன்னா?"

"ரெண்டு மீட்டர் சரியா இருக்கு சார். அளந்து பாத்துக்கோங்க."

"அதக் கேக்கலய்யா! வட்டத்த எதுக்கு நகர்த்துற?"

"கொஞ்சம் முன்னாடி நீங்கதானே நகர்த்தச் சொன்னீங்க சார். எங்க நிறுத்தணும்னு சொல்லல."

மேனேஜர் கண்ணாடித் தகட்டுக்குள் ஏதோ திட்டினார். தகடு ஆவி பிடித்துவிட்டது. அதைத் துடைத்து முடிப்பதற்குள் கர்ப்பிணியும் உள்ளே போய்விட்டாள். எல்லாவற்றையும் பழையபடி ஒட்டும்வரை வீட்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கம்பியிலேயே நின்றேன். வெகு நேரம் கழித்து என் போன் அடித்தது.

"அத்தை, பிளேன்லதான் இருக்கேன்."

"இன்னுமா? கிளம்பலையா?"

"பைலட்டோட பரிசோதனை முடிவு வரலயாம். வந்தாத்தான் எடுப்பாங்களாம்."

வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். கம்பெனியை, பைலட்டை, மூக்கில் விடுகிற குச்சியை, ஒருவரையும் விடவில்லை. "அப்பாகிட்டச் சொல்லாதீங்க. அடிச்சுப் பிடிச்சு ஓடினது வீண்னு நெனப்பாரு" என்றாள். நான் சொல்லவில்லை. அவன் தார்த் தரையில் குந்தி, பிய்ந்த பிளாஸ்டரைக் கிழித்துக்கொண்டிருந்தான். வானத்தில் சத்தம் கேட்டபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அவன் தலையை நிமிர்த்தவில்லை. கையை மட்டும் நிறுத்தினான்.

அங்கே போய் இறங்கியவளை ஒரு ஓட்டல் அறையில் அடைத்துவிட்டார்கள். மறுநாள் அவள் பட்டறை முதலாளி வந்து கீழே ரோட்டில் நின்று, ஜன்னலைப் பார்த்துக் கத்தினாராம்: உன் மெஷினை யாருக்கும் கொடுக்கவில்லை, வெளியே விட்டதும் வா என்று. அவள் போனில் இதைச் சொன்னபோது என் தம்பி முட்டிக்கு ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு, சரிம்மா, நல்லாச் சாப்பிடு என்று மட்டும் சொல்லிப் போனை என்னிடம் நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.