சுவரைப் பார்த்தபடி ஒரு பாட்டு

கள்ளிமுள்ளின் முனையை உப்புத்தாளில் நாலு தரம் உருட்டித் தேய்த்து, கட்டைவிரல் நகத்தில் குத்திப் பார்த்து, "ம்ம், பதம்" என்கிறார் டெய்சி. கிராமபோன் ஊசி இப்போது கடையில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் இரும்பு ஊசி பழைய இசைத்தட்டைச் சுரண்டிவிடும். வேடசந்தூர் சாலையோரச் சப்பாத்திக்கள்ளியில் பறித்துக் காயவைத்த முள் ஒரு மருந்துப் புட்டி நிறைய இருக்கிறது. தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு முள். அதை மாட்டி, இருபத்திரண்டு சுற்றுச் சாவி கொடுத்து, தட்டின் மேல் இறக்கிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். பாட்டு முடியும்வரை அப்படியேதான்; முதுகு நேராக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

வயது அறுபத்தொன்பது. முப்பத்தொரு வருடம் நூற்பாலையில் அறுந்த இழைகளை முடிந்தவர். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், "ஷிஃப்ட்டு பாக்கவே நேரம் சரியாப் போச்சு" என்பார். பேகம்பூர்ச் சந்தில் ஒற்றை அறை வீடு. அதில் நாற்பத்தொரு இசைத்தட்டுகள். எல்லாம் ஏறக்குறைய நூறு வருடப் பழசான ஜாஸும் நடன இசையும்.

பாடுகிற வரிகள் அவருக்குப் புரியாது. வாசிக்கிற ஆட்களைத் தெரியும். "இந்தா, கிளாரினெட்டுக்காரன் வாரான் பாரு, மாடிப்படியில வழுக்குனவன் கணக்கா. பாஞ்சோக்காரன் அரிசி பொடைக்கிறான்." கறுப்பர் குழு ஒன்று வாசித்த தட்டில் கார்னெட் என்ற ஊதுகுழல் மட்டும் தூரத்தில் கேட்கும். மைக் வராத காலத்தில் ஒலியைப் பிடிக்கும் ஒரே கூம்பின் முன் எல்லாரும் நின்று வாசித்தார்கள். உரக்க ஊதுகிறவரை மூலைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த மூலையிலிருந்தே மொத்தக் குழுவையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறார் அந்த மனிதர். "தள்ளி நிக்க வச்சாலும் அம்புட்டு பேரையும் கூட்டிட்டுப் போறான் பாத்தியா?"

பக்கத்து வீட்டுப் பாஸிலா துணி தைப்பவர். வாய்க்குப் பூட்டு கிடையாது. "ஏக்கா, பாட்டு கேக்குறீகளா, இல்ல டீச்சர் நிக்க வச்சிருக்காகளா?"

"அடி போடி. எங்கப்பா இப்பிடித்தான் கேப்பாரு."

அப்பா ராயப்பராஜ், கொடைக்கானல் மலையில் வெள்ளைக்காரர் கிளப் ஒன்றில் கிராமபோனுக்குச் சாவி கொடுக்கும் வேலை பார்த்தவர். கிளப்பை மூடியபோது வேண்டாமென்று எறிந்த பெட்டியையும் தட்டுகளையும் மூட்டை கட்டிக்கொண்டு இறங்கினார். சனிக்கிழமைதோறும் வீட்டில் பாட்டு. சுவரைப் பார்த்து நிற்பார். சிறுமி டெய்சியும் பக்கத்தில் நிற்பாள். கோயிலில் முழங்காலிடுவதைப் போல, கிராமபோன் கேட்க இதுதான் முறை என்று நினைத்தே வளர்ந்தார்.

காரணம் தெரிந்தது அப்பாவின் அடக்கத்தன்று. கிளப்பில் கூட இருந்த சமையல்காரர் கிறிஸ்துராஜ் சொன்னார்: "துரைசானிக ஆடுறத நம்மாளு கண்ணால பாக்கக் கூடாதும்மா. திரைக்குப் பின்னால செவுத்தப் பாத்து நின்னுதான் சாவி குடுக்கணும். திரும்புனா வேலை போச்சு. பத்து வருசம் செருப்புச் சத்தத்த வச்சே உங்கப்பா ஆட்டத்தக் கண்டுபுடிப்பாரு."

தட்டுகளின் உறையில் அப்பா பென்சிலால் எழுதியிருந்தவை அப்போதுதான் விளங்கின. 'இழுத்து.' 'குதித்து.' 'சுற்றிச் சுற்றி.' அவர் ஒருநாளும் பார்த்திராத கால்கள்.

கறுப்பர் மூலையில் நின்று ஊதினார். வெள்ளையர் கூடத்தின் நடுவில் ஆடினார்கள். நம் மனிதர் சுவரைப் பார்த்துச் சாவி கொடுத்தார். இதைத்தான் நாகரிகம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். துரைமார் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. திரையைக் கழற்றியாயிற்று, முதுகில் தைத்துவிட்டுப் போனதைக் கழற்ற யாரும் வரவில்லை.

திரும்பி நின்று கேட்டுவிட வேண்டும் என்று, அப்பாவை அடக்கம் செய்த நாளிலிருந்து, டெய்சிக்கும் முப்பத்தாறு வருட ஆசை. "ரெண்டு தடவ திரும்புனேன். பாட்டு காதுல ஏறல. எங்கப்பாவ அங்கன தனியா விட்டுட்டு வந்த மாரி இருந்துச்சு."

போன சனிக்கிழமை அந்தக் கார்னெட் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. கொக்கி தைக்க ஒரு ரவிக்கையோடு பாஸிலா வந்தார். "மூலைக்காரரு வந்துட்டாரா?" என்று சிரித்தவர், கார்னெட் மேலே ஏறியதும் பேச்சை விட்டார். ரவிக்கையைக் கட்டிலில் வைத்தார். மெல்ல நடந்து வந்து, டெய்சியின் பக்கத்தில், கைகளைப் பின்னால் கட்டி, சுவரைப் பார்த்து நின்றார். அதில் கேலி இல்லை. தான் அப்படி நிற்பதே அவருக்குத் தெரியவில்லை.

டெய்சி தலையைச் சாய்த்துப் பார்த்தார். சுண்ணாம்பு உதிர்ந்த சுவருக்கு ஒரு முழம் முன்னால் ஒரு முகம். இப்படி நிற்கிற ஒருவரைப் பக்கவாட்டில் அவர் பார்ப்பது அப்பாவுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"என்னக்கா?"

டெய்சி பாஸிலாவின் தோள்கள் இரண்டையும் பிடித்து, பாட்டு ஓட ஓட, அறையின் நடுப்பக்கம் திருப்பினார். திருப்புவதற்கு அவரும் கூடவே திரும்ப வேண்டியிருந்தது.