காற்றை உதைக்கப் போன மருமகன்

கராட்டி பழகுகிறவர்களை நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து ஒரு வருடம் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கும் கோயிலின் பின்வளவுக்கும் நடுவில் தென்னோலை பின்னிய ஒரு கிடுகு வேலிதான். மீன் வெட்டுகிற இடத்தில் குந்தியிருந்தால், கிடுகு உக்கின இடத்தால் எல்லாம் தெரியும். பின்னேரமானால் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்று காற்றை உதைப்பார்கள். காற்று அவர்களுக்கு என்ன செய்ததோ தெரியாது.

எண்பத்து மூன்றாம் ஆண்டு கொழும்பில் தமிழ்ச் சனத்தை அடித்துக் கலைத்து, அவர்கள் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிய பிறகுதான் இந்த விளையாட்டு எங்கள் பக்கம் வந்தது. மாஸ்டர் என்றவரும் கப்பலில் வந்தவர்தான். அங்கே ஏதோ கந்தோரில் எழுதுகிற வேலை பார்த்தவராம். ஒல்லி மனிதர். காலையில் அவருடைய மனுசி என்னிடம் சூடை மீன் வாங்கும்போது பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார். மீன் நேற்றையதோ இன்றையதோ என்று கேட்கக்கூட மனுசியின் முகத்தைத்தான் பார்ப்பார். அதே ஆள் பின்னேரம் இடுப்பில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு, என் பேரக்குழந்தை திடுக்கிட்டு எழும்பக் கத்துவார்.

பழக வந்தவர்களும் எனக்குத் தெரிந்தவர்கள்தான். ஒருவன் ரியூசனுக்குப் போகிற பெட்டைக்குக் காட்ட வந்தவன். அவள் ஒருநாள் வேலிக்கு மேலால் பார்த்துச் சிரித்ததோடு அவனுடைய கராட்டி முடிந்தது. இன்னொருவன் தமையனிடம் எந்நாளும் அடி வாங்குகிறவன். பழகிய பிறகும் வாங்கினான், ஆனால் கத்திக்கொண்டு வாங்கினான். வங்கியில் வேலை பார்க்கிற ஒருவர் வயிறு குறைக்க வந்தார். வகுப்பு முடிந்ததும் நேரே சந்திக் கடைக்குப் போய் வடை சாப்பிடுவார். நான் மனுசன் செத்த பிறகு பனையோலைக் கடகத்தில் மீனைக் கொண்டுபோய் உரும்பிராய்ச் சந்தையில் விற்று ஒரு பிள்ளையை வளர்த்தவள். குடிகாரன், நாய், பொலிஸ் எல்லாரையும் வாயாலேயே கலைத்தவள். எனக்கு ஒருவரும் வெள்ளை உடுப்புத் தைத்துத் தரவில்லை.

இந்தக் கூட்டத்துக்குள் என் மருமகனும் போய்ச் சேர்ந்தார்.

அவர் கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் வேலைக்கு நின்றவர். என் மகள் பிள்ளைப்பேற்றுக்காக என்னிடம் வந்திருந்த நேரம் அங்கே குழப்பம் வந்தது. கூட்டம் கடைக்குள் புகுந்தபோது இவர் பின் மதிலால் பாய்ந்து ஓடிவிட்டார். வயது போன முதலாளி ஓட முடியாமல் உள்ளே இருந்தார். அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்று பிறகு ஒருவரும் சொல்லவில்லை. இதெல்லாம் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் வாய் திறந்ததே இல்லை. வந்த நாளில் இருந்து படலையைத் தாண்டிச் சந்திப் பக்கம் போனதும் இல்லை. சந்தியில் ஆமி நிற்கும் என்பார். ஆமி இல்லாத நாளிலும் நிற்கும் என்பார்.

அச்சுவேலியில் ஒரு புடைவைக் கடைக்காரர் அவரை வேலைக்குக் கேட்டிருந்தார். "பெருநாள் முடியிறதுக்குள்ளை வந்தால் வேலை. இல்லாட்டி வேறை ஆளைப் பிடிப்பன்" என்று சொல்லி அனுப்பினார். பெருநாளும் கிட்ட வந்துகொண்டிருந்தது. கைக்குழந்தையோடு மகள் என் கடகத்தை நம்பி இருந்தாள். எனக்கோ வயது ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஆள் அச்சுவேலிக்கு பஸ் ஏறவில்லை. வேலியைச் சுற்றிக் கோயில் வளவுக்குப் போய்க் காற்றை உதைத்தார்.

எங்கள் வீட்டில் மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் கதைப்பதில்லை. அது மரியாதை. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வேன். மகள் இல்லாவிட்டால் பூனையிடம் சொல்வேன். அவருக்குக் கேட்கும்.

பச்சை முட்டை குடித்தால் பலம் வரும் என்று மாஸ்டர் சொன்னாராம். கோழி இட்டதெல்லாம் போயிற்று. நான் பூனைக்குச் சொன்னேன்: "இனி முட்டைப்பொரியலை மறந்து போ. எங்கடை வீட்டிலை ஒரு வீரர் வளருறார்." மருமகன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். இன்னொரு நாள் கையால் அடித்து உடைத்துப் பழக ஆளுக்கு இரண்டு ஓடு கொண்டுவரச் சொன்னார்களாம். சமைக்கிற குசினிக் கூரை ஒழுகுகிறது என்று நான் வாங்கி அடுக்கி வைத்த ஓட்டில் இரண்டைக் காணவில்லை. மகளைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, கூரைக்கு மேலை இருக்க வேண்டிய ஓட்டை ஆரும் நிலத்திலை வைச்சு அடிச்சு உடைப்பினமோ? அது என்ன, கடிக்க வந்ததோ?"

"அம்மா, மெல்லக் கதையுங்கோ. அவருக்குக் கேக்கும்."

"கேக்கத்தானே கதைக்கிறன்."

அந்தக் கிழமை என் காலில் திருக்கை முள் ஏறிக் கால் பூசணிக்காய்போல் வீங்கியது. சந்தைக்குப் போகாமல் இருக்க முடியாது. ஒருநாள் போகாவிட்டால் என் இடத்தில் வேறு ஆள் குந்திவிடும். மகள் அவரிடம் அழுதோ சண்டை பிடித்தோ, கடகத்தை அவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு போக ஒத்துக்கொண்டார். நான் பஸ்ஸில் போனேன். போய் இறங்கியபோது அவர் எனக்கு முன்னமே வந்து நான் இருந்து விற்கிற வாகை மரத்தின் கீழ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு தூரம் வந்ததே பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் கருவாடு விற்கிற ஒருவன் அந்த மர நிழலில் கண் வைத்திருந்தவன். நான் நொண்டிக்கொண்டு வருவதைக் கண்டதும் அவனுக்குத் துணிவு வந்துவிட்டது. குடித்தும் இருந்தான்.

"எணை ஆச்சி, கடகத்தைத் தூக்கு. இனி இது என்ரை இடம்."

"உன்ரை கொப்பர் கருவாடு வித்த காலத்திலையிருந்து நான் இருக்கிற இடம் இது. உன்ரை இடம் கள்ளுத் தவறணையிலை கிடக்கு. அங்கை போய் இரு."

சனம் சிரித்தது. அவன் கடகத்தைக் காலால் தட்டிவிட்டான். மீன் எல்லாம் மண்ணில். நான் சைக்கிள் நின்ற இடத்தைத்தான் திரும்பிப் பார்த்தேன். மருமகன் ஏறிப் போயிருப்பார் என்று நினைத்தேன். சைக்கிள் நின்றது, ஆளைக் காணவில்லை. பார்த்தால் எனக்கும் அவனுக்கும் நடுவில் நிற்கிறார். முகம் செத்த மீன்போல் வெளிறியிருந்தது.

"அண்ணை, மீனைப் பொறுக்கிக் குடுங்கோ."

அவனுக்கு ஒரு அண்ணை. எனக்கு எரிச்சல் வந்தது.

"நீ ஆரடா?"

"மருமகன்."

அவன் அறைந்தான். இவர் விழுந்தார். விழுந்தது மட்டும் திறமாக விழுந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். கோயில் வளவில் செய்வதுபோல் உருண்டு எழும்பி முந்தி நின்ற இடத்திலேயே வந்து நின்றார். "அண்ணை, மீனைப் பொறுக்கிக் குடுங்கோ." அவன் திரும்பவும் அறைந்தான். இவர் திரும்பவும் விழுந்து எழும்பி வந்து அதையே சொன்னார். மரக்கறி விற்கிற மனுசி ஒருத்தி, "உவர் கராட்டி பழகிறவர் எண்டு சொல்லிச்சினம். அடி வாங்கத்தானோ பழகினவர்?" என்றாள். நான் வெட்கத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். கடைசியில் கை ஓய்ந்தது அடித்தவனுக்குத்தான். "விசரன்" என்று சொல்லிக்கொண்டு தன் கருவாட்டுக்குப் போனான். மீனைப் பொறுக்கியதும் மருமகன்தான். கிணற்றடியில் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். மர நிழலில் இருந்தே விற்று முடித்தேன்.

வீட்டில் மகள் அவருடைய கன்னத்துக்கு ஒத்தடம் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பூனைக்கு மீன் தலையைப் போட்டுச் சொன்னேன்: "இவ்வளவு முட்டை குடிச்ச ஆள் ஒரு அடி திருப்பி அடிக்கேல்லை. நீயெண்டாலும் பிறாண்டியிருப்பாய்."

அன்றைக்குத்தான் அவர் முதல்முறை மறுமொழி சொன்னார். அவரும் பூனையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"கால் ஓடப் பாத்தது. அதைப் பிடிச்சு நிப்பாட்டவே எனக்குப் போதும் போதும் எண்டாச்சு. கைக்கு எங்கை நேரம்?" பிறகு, "மாமியாலை அந்தக் காலோடை ஓடேலாது. முதலாளியாலையும் ஓடேலாமல்தான் இருந்தது" என்றார்.

மகள் துணியைத் திரும்ப நனைத்து வரக் குசினிக்குப் போனாள். பூனை தின்று முடித்துவிட்டுப் போய்விட்டது. சொல்லுவதற்கு வேறு ஆள் இல்லை.

"தம்பி," என்றேன், அவரையே பார்த்து. "நீங்கள் உடைச்ச ஓடு ரெண்டும் எனக்கு வேணும். மழை வரப் போகுது."

அவர் எழும்பி நின்றார். "ஓம் மாமி. திங்கக்கிழமை அச்சுவேலிக்குப் போறன். வரேக்கை வாங்கி வாறன்."

திங்கட்கிழமை பஸ் ஏறினார். பெருநாளுக்கு முன்னமே அந்தக் கடையில் சேர்ந்துவிட்டார். எல்லாம் அந்த மாஸ்டரால் வந்தது என்று மகள் இன்றைக்கும் சொல்கிறாள். நான் ஒத்துக்கொள்வதில்லை. நிற்கப் பழகுவதற்கு ஒரு மனிதனுக்கு வெள்ளை உடுப்பும் பட்டியும் முட்டையும் வேண்டுமென்றால், அப்படிப் பழகுகிறவர்கள் பழகட்டும். அவர் வாங்கி வந்த ஓடுகள் அளவில் கொஞ்சம் சின்னவை. அந்த மாரியிலும் குசினி ஒழுகத்தான் செய்தது. அதை அவருக்கு நேரே சொன்னேன்.