மூன்று பெட்டி காமிக்ஸைத் தேடி ஜெயங்கொண்டம் வரை

காலை 9.40. விழுப்புரத்திலிருந்து திருச்சி செல்லும் பேருந்து பெரம்பலூர் புதிய பேருந்து நிலையத்துக்குள் திரும்பியபோது என் கைபேசி மூன்றாவது முறையாக அடித்தது. அழைத்தவர் இளவழகன். குவைத்தில் கிரேன் ஓட்டுகிறார், சொந்த ஊர் மீன்சுருட்டி. பழைய தமிழ் காமிக்ஸ் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆறு வருடப் பழக்கம். நேரில் பார்த்ததில்லை.

"மேடம், பெரம்பலூரத் தாண்டிட்டீங்களா?"

"இப்பத்தான் ஸ்டாண்டுக்குள்ள நுழையுது."

"எறங்கிடுங்க மேடம். தயவு பண்ணி எறங்கிடுங்க."

அவர் மனைவி தமிழ்ச்செல்வி முந்தின நாள் சாயங்காலம் மூன்று டிரங்குப் பெட்டிகளையும் ஜெயங்கொண்டத்தில் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டாராம். இன்று காலை வீடியோ காலில் அறையின் மூலை காலியாகத் தெரிந்திருக்கிறது. கேட்டால் அழுகிறாராம். கடை லாரி மதியத்துக்குமேல் காகித ஆலைக்குக் கிளம்பிவிடும்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது மேடம். தெரியாமப் போட்டுட்டா" என்றார்.

அந்தப் பெட்டிகளில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு புத்தகத்தையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். நூற்று நாற்பது இதழ்கள். அதில் ஒரு தீபாவளி மலர், அட்டை கிழியாமல். எங்களுக்குத் தெரிந்து அது இன்னும் இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. என்னிடம் இல்லை.

இறங்கிவிட்டேன். திருச்சியில் சித்தி மகன் வீட்டுக் கிரகப்பிரவேசம். வர முடியாது என்று ஒரு வரி அனுப்பினேன்.

10.05. அரியலூர் பேருந்து, கட்டணம் 25 ரூபாய். முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் பேரளியைத் தாண்டியதும் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக முன்னால் ஊர்ந்தன. தமிழ்ச்செல்வியின் எண்ணுக்கு நான்கு முறை அடித்தேன். எடுக்கவில்லை. இந்த இதழ்கள் அச்சானது மட்டமான செய்தித்தாள் காகிதத்தில். நாற்பது வருடத்தில் அது அப்பளம் மாதிரி ஆகிவிடும், மடித்தால் நொறுங்கும். மூட்டைக்குள் ஒருவர் காலால் மிதித்து அமுக்கினால் போதும்.

"ஆஸ்பத்திரிக்கா போறீங்க?" என்று பக்கத்து இருக்கைப் பெண் கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

"இல்லிங்க. ஜெயங்கொண்டத்துல ஒரு வேலை."

"அப்ப அரியலூர்ல எறங்குனதும் ஓடுங்க. அந்த வண்டி ரெடியா நிக்கும், வுட்டுட்டா அடுத்ததுக்குக் காத்துக் கெடக்கணும்."

11.20. அவர் சொன்னபடியே ஓடினேன். ஜெயங்கொண்டம் வண்டி நகரத் தொடங்கியிருந்தது. நடத்துநர் கை கொடுத்து ஏற்றிக்கொண்டார். 28 ரூபாய். உடையார்பாளையம் வந்தபோது முந்திரிக் காடுகளுக்கு மேல் வானம் கறுத்திருந்தது. லாரிக்குத் தார்ப்பாய் இருக்குமா என்பது ஒன்றே மனதில் ஓடியது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இளவழகனின் செய்தி வந்தது. 'மேடம் எங்க இருக்கீங்க?'

12.35. ஜெயங்கொண்டம் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் அறிமுகமில்லாத ஒரு பெண் எதிரே வந்து நின்றார். முப்பது வயதிருக்கும். தோளில் ஸ்கூட்டியின் ஹெல்மெட் தொங்கியது.

"நான் தமிழ்ச்செல்விங்கக்கா. அவரு உங்க போட்டோ அனுப்பியிருந்தாரு. வண்டில ஏறுங்க."

"ஏம்மா போன எடுக்கல?"

அவர் ஸ்கூட்டியைக் கிளப்பினார்.

விருத்தாசலம் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. வாசலிலேயே மூன்று டிரங்குப் பெட்டிகளும் வாய் பிளந்து கிடந்தன. உள்ளே ஒன்றுமில்லை, பாச்சை உருண்டை நெடி மட்டும் இன்னும் அடித்தது. கொட்டகைக்கு வெளியே லாரி நின்றது. பின்கதவு பாதி மூடியிருந்தது. டிரைவர் தார்ப்பாயை உதறிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் தமிழ்ச்செல்வியை அடையாளம் கண்டுகொண்டார். "பொம்மப் புத்தகந்தானே? நேத்து சரக்கெல்லாம் மூட்டை கட்டி ஏத்தியாச்சும்மா. எதுல கெடக்குதோ, யாரு கண்டா?"

"அண்ணே, மூட்டையப் பிரிச்சுப் பாக்க விடுங்க. எடைக்கு மேலயே தர்றேன்" என்றேன்.

"எடை கெடக்குது. மழை வருதுல்ல? நனைஞ்சா மில்லுல எறக்க மாட்டான். அவரக் கேளுங்க." அவர் டிரைவரைக் காட்டினார்.

டிரைவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கால் மணி நேரம். மொதத் துளி வுழுந்தா தார்ப்பாயப் போட்டுடுவேன். அப்புறம் கெஞ்சக் கூடாது."

நான் லாரிச் சக்கரத்தில் கால் வைத்து ஏற முயன்று சறுக்கினேன். தமிழ்ச்செல்வி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, என் மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்தார். முதல் மூட்டையில் பள்ளிக்கூட நோட்டு. இரண்டாவதில் நாளிதழ். மூன்றாவதின் வாயைப் பிரித்தபோது மஞ்சள் ஓரங்கள் தெரிந்தன. கை வைத்தேன். முதல் இதழின் மூலை என் விரலிலேயே உதிர்ந்தது.

"இழுக்காதீங்கக்கா. மூட்டைய அப்படியே சாயுங்க, தானா வரும்" என்றார் தமிழ்ச்செல்வி. இரண்டு கைகளையும் தட்டுபோல விரித்து அடுக்கு அடுக்காக எடுத்தார். என்னைவிடப் பக்குவமாக. நான் வாங்கிக் கீழே நின்ற கடைக்காரரிடம் கொடுத்தேன். இன்னொரு மூட்டையில் கொஞ்சம் கிடைத்தது. மீதி அடியில் எங்கேயோ இருந்தது. மூட்டைகளைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே என் கழுத்தில் ஒரு துளி விழுந்தது.

"எறங்குங்க, எறங்குங்க!" டிரைவர் கத்தினார்.

"இன்னும் ஒரே ஒரு மூட்டைங்க."

"சொன்னேன்ல?" தார்ப்பாய் எங்கள் தலைக்கு மேலேயே வந்து விழுந்தது.

1.30. லாரி போய்விட்டது. கொட்டகைக்குள் மழைச் சத்தத்தில் எண்ணிப் பார்த்தேன். அறுபத்து மூன்று. எழுபத்தேழு இதழ்கள் போய்விட்டன. இளவழகனுக்கு இதை எப்படிச் சொல்வதென்று நின்றபோது, தமிழ்ச்செல்வி முந்தானைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். தீபாவளி மலர். ஒரு சொட்டு நனையவில்லை.

"இதத்தானே தேடுனீங்க? மூட்டைல பாத்ததும் எடுத்துச் செருகிக்கிட்டேன். வாரா வாரம் போன்ல, எடுத்துக் காட்டுன்னுவாரு. எனக்குத் தெரியாதா?"

நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் முகத்தையே பார்த்தேன்.

"தெரியாமப் போட்டேன்னு சொன்னாருல்ல? தெரிஞ்சுதான்க்கா போட்டேன். பாப்பாவுக்கு ஏழு வயசு. போன வருசத்துலேர்ந்து வீசிங். ரெண்டே ரூமுதான் எங்களுக்கு, பெட்டி பக்கத்துலதான் அது படுக்கும். டாக்டரு, வூட்டுல என்னென்ன வாசனை இருக்குதுன்னு கேட்டாரு. பாச்சை உருண்டைன்னேன். மொதல்ல அதத் தூக்கி எறிங்கன்னாரு. இவருகிட்ட சொன்னா, பூச்சி அரிச்சிடும், பெட்டியத் தொடாதங்கிறாரு. குரூப்புல ஒரு மேடம் சொன்னாங்களாம், பெட்டிக்கு இருபது உருண்டை, மாசா மாசம் மாத்தணுமாம், சன்னலச் சாத்தியே வைக்கணுமாம். அந்தம்மா சொன்னா வேதவாக்கு. மாத்திப் போட்டது பூரா நாந்தான். போன வாரமும் ஆஸ்பத்திரில கெடந்தோம்."

பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை.

"அந்த மேடம் நான்தாம்மா."

அவர் என்னைத் திட்டவில்லை. "அப்ப நீங்களே அவருக்குச் சொல்லிடுங்க" என்று தன் கைபேசியை நீட்டினார்.

சொன்னேன். என் யோசனை தவறு என்பதையும், குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்பதையும், அறுபத்து நான்கு இதழ்கள்தான் மிஞ்சின என்பதையும். தமிழ்ச்செல்வி தெரிந்தே போட்டார் என்பதைச் சொல்லுமுன் அவரைப் பார்த்தேன். தலையசைத்தார். அதையும் சொன்னேன்.

"போன வாரமா? ஆஸ்பத்திரியா? எங்கிட்ட சளின்னுதானே சொன்னா?" என்றார் இளவழகன். மலரைப் பற்றிக் கேட்கவே இல்லை. "போன அவகிட்ட குடுங்க மேடம்."

கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றேன். முதலில் சண்டை. பிறகு அழுகை. கடைசியில் தமிழ்ச்செல்வி, "ம்… இப்பப் பரவால்ல. பள்ளிக்கூடம் போயிருக்கு" என்று சொல்வது கேட்டது. புத்தகங்கள் இனி என்னிடமே இருக்கட்டும் என்று இருவருமாக முடிவு செய்தார்கள். கடைக்காரர் ஒன்பது கிலோவுக்கு 135 ரூபாய் வாங்கிக்கொண்டு, கட்டுவதற்கு ஒரு பிளாஸ்டிக் தாளைச் சும்மா கொடுத்தார்.

மாலை 5.15. மீண்டும் பெரம்பலூர். விழுப்புரம் பேருந்தில் சன்னலோர இருக்கை. மலர் என் மடியில் இருந்தது. பல வருடங்களாகத் தேடியது. பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் புத்தக பீரோ இருப்பது படுக்கையறையில்தான், கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி. அதற்குள்ளும் மாதா மாதம் பாச்சை உருண்டை மாற்றுகிறேன். காலையில் எழுந்ததும் என் கணவருக்கு ஏழெட்டுத் தும்மல் வரும். இருபது வருடமாக அதைக் கேட்டுக்கொண்டேதான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். அது அவர் உடல்வாகு என்று நினைத்திருந்தேன்.

பேருந்து நெடுஞ்சாலையில் ஏறியதும் அவரை அழைத்தேன்.

"உங்களுக்கு அந்தத் தும்மல் வெளியூர் போனாலும் வருமா?"

"இல்லையே. எங்க அண்ணன் வீட்டுல தங்குனா வராது. ஏன்?"

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

அவர் சிரித்தார். "சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

யோசித்தேன். நேற்று இதைச் சொல்லியிருந்தால் பீரோவைத் தொடவே விட்டிருக்க மாட்டேன் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது.