மூன்று மா நிலமும் பச்சை மிஷினும்

மருதையன் பாக்கியசாலி. கூலிக்கு அறுத்த அவன் அப்பா வைரக்கண்ணுவுக்கு வாய்த்த முதலாளி சாதாரண மிராசுதார். வயல், களம், நெல் அளக்கும் மரக்கால் எல்லாம் அவருடையவை. ஆனால் பாவம், மழை எப்போது வரும் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. மருதையனுக்கு வாய்த்த பொன்னேர் கம்பெனிக்கு அதுவும் தெரிந்திருந்தது.

வைரக்கண்ணு காலத்தில் கூலித் தகராறு என்றால், விளைந்த வயலின் வரப்பில் ஆட்கள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்பார்கள், இறங்க மாட்டார்கள். நெல் உதிர உதிர மிராசுதாரின் வீறாப்பும் உதிரும். கடைசியில் குடையைப் பிடித்துக்கொண்டு அவரே வரப்புக்கு வருவார். அப்படி நின்று நின்றுதான் கூலி ஏறியது. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மூன்று மா நிலமும், ஏறக்குறைய ஓர் ஏக்கர், கிடைத்தது.

மகன் மருதையன் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வெந்து, ஓர் அறுவடை மிஷின் வாங்கினான். அவன் மனைவி செவ்வந்தி அதற்குப் பூசணிக்காய் உடைத்தாள். அவர்களுடைய சோறும் மரியாதையும் அந்த மிஷின்தான்.

பொன்னேர் மழைச் செய்தியோடுதான் ஊருக்குள் நுழைந்தது. புதுக் கைபேசிகளில் கூடப்பிறந்த செயலி, இலவசம். நாலு மணிக்குத் தூறும் என்றால் நாலு மணிக்குத் தூறியது. ஊர் நம்பியது. பிறகு, மிஷின் வேண்டுமா, இங்கேயே கூப்பிடுங்கள் என்றது. மருதையனும் சேர்ந்தான். அவன் எவர் வயலில், என்ன வாடகைக்கு அறுக்கிறான் என்பதையெல்லாம் அது தாயன்போடு கவனித்துக்கொண்டது. அடுத்த சம்பாவுக்குத் தானே பச்சை மிஷின்களை இறக்கியது. செயலியைத் திறந்தால் முதலில் பச்சைதான். மருதையனைக் காண விரல் தேயத் தள்ள வேண்டும். அதோடு நெல் வாங்கவும் ஆரம்பித்தது.

"தங்கமணிண்ணே, வருசா வருசம் ஒங்க வயலு நம்ம மிஷின்தானே?"

"நான் என்னப்பா செய்ய? ஒன் மிஷின்ல அறுத்தா ஊறவச்ச நெல்லுங்குறான், வாங்க மாட்டேங்குறான். அவன் மிஷின்ல அறுத்தா ஈரமே பாக்குறதில்ல."

"வேற யாருக்காச்சும் வித்தா?"

"வேற யாரு இருக்கா? கும்மோணத்து மண்டிக்காரனெல்லாம் இப்ப அவனுக்குத்தான் மூட்டை தைக்கிறான்."

மருதையனுக்கு அப்பாவின் ரத்தம் கொதித்தது. சுற்றுவட்டார மிஷின்காரர்களைத் திரட்டினான். தை மாதம், அறுப்பு மும்முரம். மிஷின்களை வாய்க்கால் கரையில் வரிசையாக நிறுத்தி, கைபேசிகளை அணைத்துவிட்டு நின்றார்கள். யாராவது வந்து பேசட்டும்.

சோறு கொண்டுவந்த செவ்வந்தி கேட்டாள்: "ஒங்கப்பா நின்னப்ப எதிர்ல மிராசுதாரு வீடு தெரிஞ்சிது. நீங்க எந்தப் பக்கம் பாத்து நிக்கிறீங்க?"

மருதையன் யோசித்தான். பிறகு கைபேசிக் கோபுரத்தைப் பார்த்து நின்றான்.

கோபுரம் குடை பிடித்துக்கொண்டு இறங்கி வரவில்லை. பச்சை மிஷின்கள் வந்தன, அறுத்தன, போயின. கைபேசியைத் திறந்தபோது ஒரு செய்தி இருந்தது: 'அன்புக் கூட்டாளியே, தாங்கள் ஓய்வை விரும்புவதாக அறிகிறோம்.' அவன் பெயரையே எடுத்துவிட்டிருந்தார்கள். புகார் சொல்லவும் வழி உண்டு, அதே செயலியில்.

வேலையில்லாத மிஷினை விற்க வேண்டியதாயிற்று. பழைய மிஷின் சந்தையும் பொன்னேரில்தான். கேட்டது ஒரே ஆள், பொன்னேர். பச்சை அடித்து, அதை ஓட்டும் வேலையை அவனுக்கே கொடுத்தது. அவனை ஒரு நாளும் கூலி என்று அழைத்ததில்லை. கூட்டாளி என்றுதான் அழைத்தது.

அடுத்த தையில் அப்பாவின் மூன்று மா விளைந்து தலைசாய்ந்து நின்றது. பக்கத்து வயலை அறுத்து முடித்த மருதையன் மிஷினை அந்த வரப்பு ஓரமே கொண்டுவந்து நிறுத்தினான். இனி கம்பெனி அடுத்த வேலைக்கு அனுப்பாமல் இன்ஜின் உயிர் பெறாது. செவ்வந்தி தன் கைபேசியில் மிஷின் கேட்டாள்.

"இந்தப் பக்கம் மிஷினே இல்லையாம். காத்திருக்கச் சொல்லுது."

"கண்ணுக்கு முன்னாடி நிக்கிறனேடி!"

அவன் கைபேசி முனகியது. ஆடுதுறைக்குப் போகச் சொன்னது. போகும் வழிக்கு மட்டும் இன்ஜின் உயிர் பெறும்.

அவன் போகவில்லை. "அப்பா அருவா இருக்கா?"

"கூரையில சொருவிருக்கு. துருப்பிடிச்சு."

"எடுத்துட்டு வா."

இருவரும் வயலில் இறங்கினார்கள். ஒரு மூலைகூட முடியவில்லை. நாலு மணிக்கு மழை என்று பொன்னேர் காலையிலேயே சொல்லியிருந்தது. அது பொய் சொல்வதில்லை.