மருமகனை 'ஏலே' என்று கூப்பிட்டேன்

போன வருஷம் மாசி மாதம் நடந்தது இது. கோவில்பட்டிக்குக் கிழக்கே, பசுவந்தனை தாண்டி, ரோட்டை விட்டுக் கரிசல் காட்டுக்குள் கொஞ்ச தூரம் போனால் அந்தக் காலத்தில் பருத்தி மூட்டை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கி ஒன்று இருக்கிறது. யாரோ வெளிநாட்டில் வேலை பார்த்து வந்தவர் அதை வாங்கி, கம்பம் பக்கமிருந்து திராட்சை கொண்டுவந்து, ஒயின் போடுகிறார். நம் ஊர்க்காட்டில் இப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தேன். அங்கேயும் யாராவது ஏதாவது கேட்டால் தலையைத்தான் ஆட்டுவேன். மருமகனிடம் கேட்கவே வேண்டாம். மகளைக் கட்டிக்கொடுத்துப் பன்னிரண்டு வருஷமாகியும் அவரிடம் நேருக்கு நேர் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் வழக்கம் அப்படி. அவர் முன்வீட்டில் இருந்தால் நான் அடுப்படியில் இருப்பேன். "அவியளுக்கு இன்னும் ரெண்டு தோசை வைக்கட்டுமான்னு கேளுட்டி" என்று மகளிடம் சொல்வேன். அவர் அங்கிருந்தே, "போதும்னு சொல்லு" என்பார். நடுவில் நிற்கிற மகள், "ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்லா, பொறவு நான் எதுக்கு?" என்று சலித்துக்கொள்வாள்.

மகளும் மருமகனும் பேத்தியும் பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். காலையில் பசுவந்தனை கோயிலில் சாமி கும்பிட்டோம். திரும்பும்போது மருமகன் செல்போனைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இப்படி ஓர் இடம் இருக்கிறது, சுற்றிக் காட்டுகிறார்களாம், பழைய சரித்திரமெல்லாம் சொல்கிறார்களாம் என்றார். போர்டு கண்ட இடமெல்லாம் நின்று வாசிக்கிற ஆள் அவர். கார் அந்தப் பக்கம் திரும்பியது.

இறங்கியதும் எனக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. நெற்றியில் திருநீறு அப்படியே இருக்கிறது. நம் ஊர் ஆள் யாராவது பார்த்தால் என்ன ஆகும்?

மகள் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, இது சாராயம் இல்ல. பழச்சாறைப் புளிக்க வைக்காங்க, அவ்வளவுதான்."

"புளிச்ச பொறவு அதுக்குப் பேரு என்னட்டி?" என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

முன்னறையில் எங்களைப்போல் சுற்றிப் பார்க்க வந்த வாலிபப் பிள்ளைகள் நாலு பேர் நின்றார்கள். அங்கே வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர், கோவில்பட்டிக்காரர்தான், எல்லோருக்கும் கண்ணாடிக் கிளாஸில் அடியில் மட்டும் ஊற்றிக் கொடுத்தார். கிளாஸைச் சுழற்ற வேண்டுமாம், மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்க வேண்டுமாம், அப்புறம்தான் குடிக்க வேண்டுமாம். மோர் கெட்டுவிட்டதா என்று நான் வீட்டில் பார்ப்பதும் இப்படித்தான். மருமகன் ஒரு வாய் குடித்துவிட்டு, நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கிறது என்று மகளிடம் சொன்னார். எனக்குத் திராட்சைச் சாறு தந்தார்கள். அதையும் மறைத்துத்தான் குடித்தேன்.

அப்புறம் அண்ணாச்சி எங்களையும் அந்தப் பிள்ளைகளையும் பின்னால் இருந்த கல்கட்டிடத்துக்குக் கூட்டிப்போனார். பேத்தி வெளியே கட்டியிருந்த ஆட்டுக்குட்டியிடம் ஓடினாள், மகள் அவள் பின்னால் போனாள். நான் மட்டும் மருமகனுக்குப் பத்தடி பின்னால், தூணை ஒட்டி நின்றுகொண்டேன்.

உள்ளே ஒரே இருட்டு. "காலையில இருந்து கரண்ட் இல்ல. எப்பமும் ஃபேன் ஓடும்" என்றார் அண்ணாச்சி. வெளியே புழுதிக் காற்று அடித்ததால் கதவுகளையும் சாத்தியிருந்தார்கள். சுவரோரம் ஆள் உயரத் தொட்டிகள். நாலு நாளாகத் திராட்சை அதில் நுரைத்துக்கொண்டிருக்கிறதாம். காது கொடுத்தால், அடுப்பில் சோறு கொதிக்கிற சத்தம் கேட்டது. நெருப்பில்லாமல் கொதிக்கிறதே என்று எனக்கு அப்போதே ஒரு மாதிரியாக இருந்தது.

தரையின் நடுவில் ஒரு பலகை மூடி. அண்ணாச்சி அதை நகர்த்தினார். கீழே கல் கட்டிய குழி, ரெண்டு ஆள் ஆழம் இருக்கும். இரும்பு ஏணி ஒன்று சாத்தியிருந்தது.

"இது அந்தக் காலத்துத் தானியக் குழி. கம்பும் சோளமும் கொட்டி மூடிருவாங்களாம். மழை பேயாத வருசம் இதைத் தொறந்துதான் சுத்துப்பட்டிக்கெல்லாம் அளந்திருக்காங்க. எந்த வருசம் எம்புட்டு இருந்துச்சுன்னு உள்சுவத்துல கோடு கீறி வச்சிருக்காங்க" என்றார்.

குழி என்று கேட்டதுமே நான் தூணை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, எங்கள் ஊர் சரள் மேட்டில் இதே மாதிரி ஒரு குழி இருந்தது. அதைத் திறந்தால் ஒரு ராத்திரி ஆறப்போட வேண்டும். இறங்குவதற்கு முன்னால் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்க வேண்டும். அணைந்தால் உள்ளே கெட்ட காற்று, இறங்கக் கூடாது. அன்றைக்கு மழை மூட்டம், எல்லோருக்கும் அவசரம். என் சித்தப்பா என்னைத்தான் விளக்கெடுக்க வீட்டுக்கு அனுப்பினார். நான் காற்றில் அணைந்துவிடாமல் கையால் மறைத்து மெல்ல மெல்லக் கொண்டுவந்தேன். வந்து பார்த்தால் அவர் இறங்கிவிட்டிருந்தார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கியிருந்தார். ரெண்டு பேருமே உயிரோடு மேலே வரவில்லை. பட்டப்பகலில் எரிகிற விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

இங்கே அண்ணாச்சி ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, கோடுகளைக் காட்டுவதற்காகக் குனிந்து குழிக்குள் நீட்டினார். அணைந்தது. "காத்து" என்று சொல்லித் திரும்ப ஏற்றினார். திரும்பவும் அணைந்தது.

கதவு சாத்தியிருக்கிறது, காற்று எங்கிருந்து வரும்? முப்பது வருஷம் தீக்குச்சியோடு கிடந்தவள் நான். காற்றில் அணைகிற சுடர் முதலில் சாயும். இது சாயவில்லை. நின்ற வாக்கிலேயே சுருங்கி, நீலமாகி, போய்விட்டது. கதவிடுக்கில் வந்த வெளிச்சத்தில் பார்த்தேன், அணைந்த திரியின் புகை மேலே எழும்பவில்லை. தண்ணீர்மேல் எண்ணெய் மாதிரி குழிக்குள் படுத்துக் கிடந்தது.

மருமகன் சிரித்தார். "மெழுகுவத்தி எதுக்கு அண்ணாச்சி? போன்லயே லைட் இருக்கு. நான் இறங்கிப் பாத்துட்டு வாரேனே."

"தாராளமா இறங்குங்க சார். நானே நாலஞ்சு தடவ இறங்கிருக்கேன். ஒண்ணும் செய்யாது."

போன் வெளிச்சம் பளிச்சென்று குழியின் அடிவரை அடித்தது. அந்த வெளிச்சம் அணையாது. எந்தக் காற்றிலும் அணையாது. கெட்ட காற்று இருந்தாலும் அது காட்டிக்கொடுக்காது.

முதல் படியில் கால் வைத்தார். நான் வாசலைப் பார்த்தேன். மகள் வந்தால் அவளிடம் சொல்லலாம். மகள் வரவில்லை. இரண்டாவது படி, மூன்றாவது படி. அண்ணாச்சி பக்கம் நகர்ந்து, "கெட்ட காத்து இருக்கும்யா" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஆச்சிக்கு இருட்டுன்னா பயம் போல" என்றார் அவர். அந்த வாலிபப் பிள்ளைகள் சிரித்தார்கள். நமக்கென்ன தெரியும், படித்தவர்கள் இத்தனை பேர் நிற்கும்போது நாம் ஒன்று சொல்லி, ஒன்றுமில்லாமல் போனால் மருமகனுக்கல்லவா கேவலம் என்று ஒரு நினைப்பு. நாலு. அஞ்சு. அவர் நெஞ்சு தரைக்குக் கீழே போனது. ஆறு. தலைமுடி மட்டும் தெரிந்தது. ஏழு. அதுவும் மறைந்தது.

என்ன சொல்லிக் கூப்பிடுவது? மாப்பிள்ளை என்று கூப்பிட்டுப் பழகவில்லை. பேர் சொல்ல முடியாது. பன்னிரண்டு வருஷத்தில் அவரைக் கூப்பிட என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை.

"ஏலே! ஏறுலே மேல! ஏறுலே!"

கத்தியது நான்தான் என்று எனக்கே தெரியவில்லை. கிட்டங்கி முழுக்க அந்தச் சத்தம் முட்டித் திரும்பியது. குழிக்குள்ளிருந்து அவர் முகம் மேலே பார்த்தது. அவரும் நான்தான் என்று நம்பவில்லை போல. "ஏறுலேன்னு சொல்லுதேன்லா!" என்று இன்னொரு தடவை கத்தினேன்.

ஏற ஆரம்பித்தார். ரெண்டு படி ஏறியதும் கை துவண்டது. போன் நழுவிக் குழிக்குள் விழுந்தது. நான் ஓடிப்போய் முழங்கால் போட்டு அவர் சட்டைக் காலரைப் பிடித்தேன். அண்ணாச்சி ஒரு கையைப் பிடித்தார். இழுத்துப் போட்டோம். அவருக்கு இளைப்பு நாயிளைப்பாக இருந்தது. கதவைத் திறந்து வெளியே வேப்பமரத்தடிக்கு அவரைக் கொண்டுபோக அந்தப் பிள்ளைகளும் கை கொடுத்தார்கள்.

திரும்பிப் பார்த்தால் அண்ணாச்சியைக் காணோம். உள்ளே ஓடினேன். ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"சாரோட போனு கெடக்கு ஆச்சி. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரே எட்டுல எடுத்தாந்திருதேன்."

அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை வாய் தானாக வந்தது. "போனு போனாப் போகுது. எங்க சித்தப்பாவத் தூக்க எறங்கின ஆளும் ஒரே எட்டுலன்னுதான் சொன்னாராம். வெளிய வாங்கய்யா."

அவர் நம்பவில்லை. நான் சுருக்குப் பையிலிருந்து, கோயிலில் சூடம் ஏற்ற வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்து மெழுகுவத்தியை ஏற்றி, அங்கே கிடந்த சணலில் கட்டி இறக்கினேன். ரெண்டு முழம்கூடப் போகவில்லை. சுடர் சுருங்கி, நீலமாகி, போனது. அதற்கும் கீழே, குழியின் அடியில், மருமகனின் போன் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எத்தனை பேர எறக்கி விட்டுருக்கேன்" என்றார். ஃபேன் ஓடிய நாட்களில் எல்லோரும் தப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். முதலாளி வந்தார். திராட்சை நுரைக்கும்போது வருகிற காற்று கனமானதாம், தாழ்வான இடத்தில் போய் இறங்கி நின்றுவிடுமாம். அந்தக் குழிக்கு இப்போது இரும்புக் கம்பி போட்டுப் பூட்டிவிட்டார்களாம். மறுநாள் கொக்கி போட்டுப் போனை எடுத்துக் கொடுத்தனுப்பினார்கள்.

ஒரு மணி நேரம் மரத்தடியில் இருந்தோம். "சோடா குடிச்சா மூக்குல சுர்ருன்னு ஏறுமே, அப்படித்தான் இருந்துச்சு. பொறவு முட்டிய யாரோ கழட்டின மாதிரி ஆயிட்டு" என்று மருமகன் மகளிடம் சொன்னார். மகள் அழுதுகொண்டே அவர் முதுகைத் தடவினாள். நான் ஒதுங்கி நின்றேன். உயிர்ப்பயம் போய், இப்போது வேறு பயம் பிடித்துக்கொண்டது. வீட்டு மருமகனை, அத்தனை பேர் முன்னால், ஆடு மேய்க்கிற பயலைக் கூப்பிடுகிற மாதிரி ஏலே என்று விட்டேனே.

மகள்தான் காரை ஓட்டினாள். நானும் பேத்தியும் பின் சீட்டில் இருந்தோம். முன் சீட்டிலிருந்து அவர், திரும்பாமலே, "அத்தை" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எங்கம்மா போன பொறவு என்னைய ஏலேன்னு கூப்பிட ஆளே இல்லாம இருந்துச்சு" என்றார்.

நான் தண்ணீர் பாட்டிலை எடுத்து முன்னால் நீட்டினேன். மகளிடம், "அவியளத் தண்ணி குடிக்கச் சொல்லுட்டி" என்றேன்.

"நேராச் சொன்னா குடிக்கேன்" என்றார் அவர்.

பேத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குடிங்க" என்றேன். குடித்தார்.

இப்போது அவர் பெங்களூரிலிருந்து நேரே எனக்குப் போன் போடுகிறார், நானும் ரெண்டு வார்த்தை பேசுகிறேன். ஆனால் அந்தக் குழியை நினைக்கிறபோதெல்லாம் என்னைப் பயமுறுத்துவது அதன் ஆழமோ அந்தக் காற்றோ இல்லை. எல்லாம் தெரிந்தும், யாராவது சிரிப்பார்களே என்று, அவர் ஏழு படி இறங்கும் வரை நான் வாயை மூடிக்கொண்டு நின்றேனே, அதுதான்.